கரையாத துத்தநாகம்

யூட்,

எரிபொருள் குழாயைத் தேடாதே. அது இருந்த இடத்தில்தான் இந்தக் கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். யாரும் திருடவில்லை, அம்மாதான் கழற்றினேன். பக்கத்துப் படகில் ஒரு குழாயை இரவல் வாங்கிப் பூட்டிக்கொண்டு போக உனக்கு அதிக நேரம் எடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு முன் படகின் விளிம்பில் இருந்துகொண்டு இதைக் கடைசிவரை வாசி. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, வெளிச்சம் இருக்கும்போதே வலை விட வேண்டும் என்று அவசரப்படுவாய். அந்த அவசரத்துக்குப் பயந்துதான் எழுதுகிறேன். நேரில் பேசினால் நான் இரண்டு வரியில் முடித்துவிடுவேன், நீ ஒரு வரியில் மறுத்துவிடுவாய். நம் வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடிந்திருக்கிறது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டிலானியின் அப்பா உனக்குச் சீதனமாகத் தந்த இந்த இஞ்சின் இன்று கடலுக்குப் போகக் கூடாது. இதைப் படகின் பின்பலகையோடு பிடித்துவைத்திருக்கும் இரண்டு கவ்விகளில் இடதுபக்கத்துக் கவ்வி உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது. மேலே பார்த்தால் தெரியாது. மேலே நீலப் பெயின்ற் கண்ணாடி போல மினுங்குகிறது. நீ வேகம் கொடுக்கும்போது இஞ்சினின் முழு உந்தலும் அந்தக் கவ்விகளில்தான் விழும். ஒன்று விட்டால் மற்றது தனியே தாங்காது. இஞ்சின் திருகிக்கொண்டு கடலுக்குள் போகும். அதன் கைபிடியை நீதான் பிடித்துக்கொண்டிருப்பாய். உன் முன்னால் இஞ்சினைத் தந்த உன் மாமாவே இருப்பார். அவருக்கு ஒரு தோள் மேலே எழும்பாது என்பதை நீ என்னைவிட நன்றாக அறிவாய்.

கலியாணத்தன்று மாதா கோயிலில் பூசை முடிந்து நாம் எல்லாரும் டிலானி வீட்டு முற்றத்தில் கூடியிருந்தோம். பந்தலின் ஒரு மூலையில், மரச்சட்டத்தில் இஞ்சினை நிறுத்தி அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். சுவாமி உங்கள் இருவரையும் ஆசீர்வதித்த கையோடு இஞ்சினையும் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். "மாப்பிள்ளையை விட இஞ்சின்தான் வடிவு" என்று உன் சித்தப்பா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நேராக்கப் போனபோதுதான் என் விரல் அந்த வீக்கத்தில் பட்டது. கவ்வியின் அடியில், பெயின்றுக்குக் கீழே, ஆறிய பாலின் ஆடையைத் தொட்டது போல மெத்தென்று இருந்தது. சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். உலோகத்தில் முட்டி நிற்க வேண்டிய ஊசி நிற்காமல் உள்ளே போனது. இழுத்து எடுத்தபோது நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அதற்குள் நீ எனக்குப் பின்னால் வந்துவிட்டாய்.

"என்னம்மா, இஞ்சினுக்கும் சோதினை வைக்கிறியளோ?"

"இது வீங்கியிருக்கு யூட்."

"பெயின்ற் கூடிப்போச்சு. மாமா எத்தினை தரம் அடிச்சவர் எண்டு தெரியுமே?"

"உள்ளுக்குள்ள இருந்து வெள்ளையாத் தூள் வருது."

"அது உப்பம்மா. கடலில ஓடுற சாமானில உப்பில்லாமச் சீனியே இருக்கும்?"

"உப்பெண்டா இந்தா, நக்கிப் பார்."

நீ சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: "ஆக்கள் பாக்கினம். கையை எடுங்கோ. அந்த மனுசன் தன்ர தொழிலைக் கழட்டி என்ர கையில தந்திருக்கிறார். அதை ஊசியால குத்திப் பாக்கிறியள்."

கையை எடுத்தேன். ஊசியைத் திரும்பச் சேலையில் குத்திக்கொண்டு பந்திக்குப் போய் இருந்தேன். உன்னில் எனக்குக் கோபம் இல்லை. சீதனமாக வந்த பொருளைப் பந்தலிலேயே சோதித்துப் பார்க்கும் மாமியார்களை நானும் வெறுத்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாகத் தெரிந்துவிடுவேனோ என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்தத் தூள் உப்பு இல்லை. இரும்பு என்றால் சிவந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும், எல்லாரும் துரு என்று கண்டுபிடிப்பார்கள். இஞ்சினின் உடம்பு அலுமினியம். அது அரிக்கும்போது வெள்ளையாகப் பூக்கும். கரையோரத்தில் வெள்ளையாக எது பூத்தாலும் உப்பு என்று கழுவிவிட்டுப் போகிற பழக்கம் நமக்கு. கழுவினால் தூள் போகும். தூளாகிப்போனது திரும்பி வராது.

நீ இதை முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறாய். யுத்தம் முடிந்து முகாமில் இருந்து ஊருக்குத் திரும்ப விட்டபோது நீ நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் இருந்தது. அப்பா அதைத் திரும்பியும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனார். இடம்பெயர்ந்து போகும்போது தன் இஞ்சினை அங்கே மண்ணுக்குள்தான் தாட்டிருந்தார். கிறீஸ் பூசி, பொலித்தீனால் பலமுறை சுற்றி, நானும் அவருமாகக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது. மண்வெட்டி பொலித்தீனில் பட்டதும் "கிடக்கு! கிடக்கு!" என்று அவர் கத்திய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நீ குழியைச் சுற்றி ஓடினாய். பொலித்தீனைப் பிரித்தோம். இஞ்சின் அப்படியே இருந்தது, வடிவம் குலையாமல், எழுத்துகள்கூட வாசிக்கக்கூடியதாக. அவர் இரண்டு கைகளாலும் கவ்வியைப் பிடித்துத் தூக்கினார். கவ்வி மட்டும் கையோடு வந்தது. தேத்தண்ணீரில் ஊறிய விசுக்கோத்துப் போல அது அவருடைய விரல்களுக்கு இடையில் உதிர்ந்தது. நீ குனிந்து பார்த்து, "ஆரப்பா இதைக் கடிச்சது?" என்று கேட்டாய். அப்பா குழியின் விளிம்பிலேயே இருந்துவிட்டார். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கத்தான் சுற்றினோம். போன கொஞ்சத் தண்ணீரையும் வெளியே வரவிடாமல் பொலித்தீன் பிடித்துவைத்திருந்தது.

அன்றைக்கு அப்பா தூக்கியது தரையில் நின்றுகொண்டு. அதனால் ஒரு இஞ்சினோடு போயிற்று. நான் கலியாணப் பந்தியில் சோற்றைப் பிசைந்துகொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இன்னொரு நினைப்பும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். டிலானியின் அப்பா பழுதைத் தெரிந்துகொண்டுதான் அதன்மேல் பெயின்ற் அடித்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. அந்தக் குணம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. அதனால் அதைச் சந்தேகப்பட நான் பழகவில்லை. கலியாணச் சமையலுக்கு அவர்கள் நமக்கு இரவல் தந்த கிடாரங்களைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அங்கே போனேன். நீங்கள் இருவரும் விருந்துக்குப் போயிருந்தீர்கள். அவர் வெளியே கதிரையைத் தூக்கிப் போட்டு, தோளில் கிடந்த துவாயால் தட்டிவிட்டார்.

"இருங்கோ ரீச்சர். கிடாரத்துக்காகவே இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்தனீங்கள்? பெடியனிட்டக் குடுத்துவிட்டிருக்கலாமே."

இஞ்சின் பற்றி நான் கேட்கவே தேவைப்படவில்லை. அவராகவே தொடங்கினார். பெருநாள் நேரத்தில் மாதா சொரூபத்தைக் கடலுக்குக் கொண்டுபோய் வருவது அவருடைய படகுதானாம். அதனால் இஞ்சின் புதிதாக வந்த காலத்திலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் அவரே தன் கையால் அதற்குப் பெயின்ற் அடிப்பாராம். வலது தோள் எழும்பாததால் இடது கையால்.

"மாதா ஏறுற வள்ளம், ரீச்சர். அதில ஒரு சாமான் ஊத்தையாக் கிடக்கலாமே? முழுக்க அடிச்சுப்போடுவன்."

"முழுக்கவோ?"

"முழுக்க. கீழ விசிறிக்கு மேல ஒரு ஈயக்கட்டி கிடக்குமெல்லே, மீன் செட்டை மாதிரி? இஞ்சின் வாங்கின முதல் வருசமே அது அரிச்சுப் பள்ளம் பள்ளமாப் போச்சு. பிறகு புதுசா ஒண்டு வாங்கிப் பூட்டி, அதுக்கு மட்டும் ரெண்டு பூச்சுக் கூடக் குடுத்தனான். அண்டையில இருந்து இண்டைக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல." அவர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "கொம்பனிக்காரனுக்கே தெரியாத வேலை."

யூட், அது ஈயக்கட்டி இல்லை. துத்தநாகம். கடல்தண்ணீர் உலோகத்தைத் தின்னாமல் விடாது, எதையாவது தின்னும். துத்தநாகம் வெறுமையாக இருந்தால் அதை முதலில் தின்னும், அது இருக்கும்வரை அலுமினியத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். அரித்துப்போவதற்கென்றே பூட்டிய கட்டி அது. பத்தாம் வகுப்பில் நான்தான் உனக்கு இந்தப் பாடத்தைப் படிப்பித்தேன். "அப்ப துத்தநாகம் பாவம், ரீச்சர்" என்று பின்வரிசை வாங்கிலில் இருந்து சொன்னாய், வகுப்பு சிரித்தது. பெற்ற தாயை ரீச்சர் என்று கூப்பிடக் கிடைத்த துணிவு உனக்கு. அந்தக் கட்டியில் பெயின்ற் அடித்தால் தண்ணீர் அதைத் தொடாது. பிறகு பெயின்ற் எங்கே கீறுப்பட்டிருக்கிறதோ, கவ்வி பலகையோடு எங்கே உரசுகிறதோ, அங்கே போய்த் தின்னும். உன் மாமா வருடா வருடம் அழகாக்கியது அந்தக் கட்டியை. அதற்கான விலையைக் கவ்வி கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. மாதாவுக்கென்று செய்தார், பிறகு உனக்கென்று செய்தார், இருந்ததில் நல்ல பெயின்றை வாங்கிச் செய்தார்.

எனக்கு அது தெரிந்த அந்தக் கணத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வருடக்கணக்காகச் சொன்ன வாக்கியம்தான். வாய் வரவில்லை. உன் மாமியார் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். உன் மாமா தன் இடது கையை, நீலம் இன்னும் நகக்கண்ணில் இருந்து போகாத கையை, எனக்கு விரித்துக் காட்டினார். "வடிவா அடிச்சிருக்கிறீங்கள்" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வியாழக்கிழமை பின்னேரம் மருமகனோட முதல் ஓட்டம். நானும் போறன். எத்தினை வருசமா ஆசைப்பட்டது" என்றார். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, ஒருவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "ஈயக்கட்டிக்கும் அடிச்சவராமோ?" என்று கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் போய்ச் சொன்னாப் பிழை. தந்த சாமான் போதாது எண்டு வந்து நிக்கிறான் எண்டு நினைப்பினம். பெடியன் சொன்னா அதை விடப் பிழை."

"அப்ப ஆர் சொல்லுறது?"

"கடல் சொல்லும்" என்றார், பழக்கத்தில். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

செவ்வாயும் புதனும் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மா, திரும்பவும் உந்தக் கதையோ?" என்று இரண்டு முறையும் வைத்துவிட்டாய். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீ அந்த வீட்டில் புதிது. அங்கே ஒரு கோப்பையை எங்கே வைப்பது என்றுகூட இன்னும் மற்றவர்களைப் பார்த்துத்தான் செய்கிறாய். அப்படி இருக்கிற ஒருவன் அந்த வீட்டுத் தலைவரிடம் "நீங்கள் தந்தது பழுது" என்று சொல்ல முடியாது என்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை யோசி. உனக்கு அந்த வெள்ளைத் தூள் உப்பு இல்லை என்று பந்தலிலேயே தெரிந்திருக்கும். நீ இந்தக் கரையில் வளர்ந்தவன், உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும், அவர் மனம் நோகக் கூடாது என்று அவரையே அந்த இஞ்சினை நம்பிக் கடலுக்குக் கூட்டிப்போகத் தயாராகிவிட்டாய். மரியாதை என்று நாம் சொல்லிக்கொள்வது சில நேரம் இப்படியும் நடந்துவிடுகிறது. திங்கட்கிழமை அந்தக் கதிரையில் இருந்து நான் செய்ததும் இதையேதான். ஆகவே உன்னைக் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

இன்று காலை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்தேன். நீ இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் எடுக்க முல்லைத்தீவுக்குப் போயிருந்தாய். டிலானியை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு கரைக்கு வந்தேன். அவள் ஏன் என்று கேட்காமல் வந்தாள். குசினியில் இருந்து எடுத்த பழைய கத்தியால் அந்தத் துத்தநாகக் கட்டியைச் சுரண்டினேன். பூச்சுக்குக் கீழே பூச்சு, நீலம், பிறகு பச்சை, பிறகு திரும்ப நீலம். ஒவ்வொரு பெருநாளும் ஒரு தோலாக உரிந்தது. கடைசியில் உலோகம் வந்தது. கூரான விளிம்போடு, கடையில் வாங்கிய நாளில் இருந்தது போல.

"புதுசு மாதிரி இருக்கு மாமி" என்றாள் டிலானி. "நல்லம்தானே?"

"நல்லதில்லைப் பிள்ளை. இது இவ்வளவுக்கும் அரைவாசியாவது கரைஞ்சிருக்க வேணும்."

அவள் விளங்காமல் பார்த்தாள். நான் கத்தியை அவளிடம் கொடுத்து, கவ்வியின் வீக்கத்தைக் காட்டினேன். அவளே அழுத்தினாள். கத்தி நுனி உள்ளே போய், கல்லில் மணல் உரசுவது போல ஒரு சத்தம் வந்தது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வெள்ளைத் தூள் அவளுடைய கலியாண மோதிரத்தில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் கடலைப் பார்த்தாள்.

"அப்பாவும் இண்டைக்குப் போறார்" என்றாள்.

"ஓம்."

"அவருக்கு நான் சொல்லமாட்டன் மாமி. எனக்கு வாய் வராது. பெருநாளுக்குப் பெருநாள் பெயின்ற் தகரத்தைப் பிடிச்சுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில நிண்டது நான்தான்."

"உன்னைச் சொல்லச் சொல்லேல்ல."

அவள் குனிந்து எரிபொருள் குழாயைத் தொட்டாள். "இது இல்லாட்டி ஓடாதெல்லே? கழட்டித் தாங்கோ" என்றாள்.

இதை மாதா கோயில் வாசலில் இருந்து எழுதி முடிக்கிறேன். இஞ்சின் கெட்ட இஞ்சின் இல்லை, அதன் தலைப்பகுதி நன்றாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதை இறக்கு. கராச்சுக்குக் கொண்டுபோய்க் கவ்விகளில் உள்ள பெயின்றை முழுவதும் உரித்துப் பார்க்கச் சொல். கவ்வியைத் தனியே மாற்றலாம். பழைய இஞ்சினில் இருந்து கழற்றியதைத் தந்தால் அதையும் ஊசியால் குத்திப் பார், யார் பார்த்தாலும் பரவாயில்லை. இரும்பு ஆணிகளைக் கிறீஸ் பூசாமல் அலுமினியத்துக்குள் முறுக்க விடாதே. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவு, களைத்து வந்த நாளிலும். துத்தநாகக் கட்டியை அசிங்கமாக இருக்க விடு. பெருநாளுக்கும் அதைத் தொடாதே. அது பாதி கரைந்ததும் மாற்று. மாதா அதைக் குறையாக எடுக்கமாட்டா என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அந்த விஷயங்களில் உங்கள் அளவுக்கு நிச்சயம் இல்லை, ஆனால் இதில் கொஞ்சம் நிச்சயமாகவே இருக்கிறேன்.

நீ இதை வாசிக்கும்போது நான் உன் மாமாவுக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருப்பேன். சுரண்டிய பெயின்ற் தோல்களும் அந்தக் கத்தியும் என் பையில் இருக்கின்றன. நீ சொன்னால் மருமகன் சீதனத்தில் குறை பிடித்தான் என்று ஊர் கதைக்கும், அந்தக் கதை உன் பிள்ளைகள் காலம்வரை போகும். நான் சொன்னால் மாமியார் குறை பிடித்தாள் என்பார்கள். அதற்கு ஊர் பழகியிருக்கிறது, ஒரு மாதத்தில் வேறு மாமியார் கிடைத்துவிடுவாள். அவர் என்னோடு கொஞ்சக் காலம் கதைக்காமல் விடலாம். டிலானியின் அம்மா தேத்தண்ணீர் கொண்டுவராமல் இருக்கலாம். நீயும் அவரும் உயிரோடு இருந்துகொண்டு என்னோடு கோபித்துக்கொண்டு இருங்கள்.

குழாயை என்னிடம் தேடி வராதே. அது டிலானியிடம் இருக்கிறது. இதற்கெல்லாம் பிறகும் இன்று போகத்தான் வேண்டும் என்றால், இரவல் வாங்காதே. வீட்டுக்குப் போய், அவளுடைய முகத்தைப் பார்த்து, அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போ.

அம்மா